வெள்ளை வேட்டியில் ஒரு துளி சாம்பார்: அமில, கார, உப்பு நோக்கில் ஓர் ஆய்வு

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி நெருங்கும்போது வேட்டி கட்டிய ஆண்கள் அனைவரும் ஒரே கோணத்தில் பின்னுக்குச் சாய்கிறார்கள். இந்தச் சாய்வு அறிவுலகத்தின் கவனத்துக்கு இதுவரை வரவில்லை. கரண்டி சிந்தும் ஒரு துளி, அது வேட்டியில் வரையும் மஞ்சள் வட்டம், மறுநாள் சோப்புப் பட்டதும் அந்த வட்டம் ரத்தச் சிவப்பாகி வீட்டாரை அலற வைப்பது, அலசி முடித்ததும் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி மஞ்சளாவது ஆகிய நான்கு நிலைகளையும் முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாயசமும் மோர்க்குழம்பும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. எல்லைகளை மதிக்காத இயல்புடைய ரசம் மட்டும் ஓரிடத்தில் உள்ளே வரும்.

துளியின் உள்ளடக்கம்

துளிக்குள் பருப்பு, புளி, பெருங்காயம் எனக் கூட்டாளிகள் பலர் இருந்தாலும் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் மஞ்சள்தான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை 1815இல் வோகல், பெல்த்தியே என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு இன்னதென்று தெரிய 1910 ஆகிவிட்டது. இடைப்பட்ட 95 ஆண்டுகளில் பாழான வேட்டிகளுக்குக் கணக்கு இல்லை. குர்குமின் தண்ணீரில் கரைய மறுக்கும். எண்ணெயில் ஆனந்தமாகக் கரையும். ஆகவே தாளிப்பு எண்ணெய்தான் அதைப் பருத்தி நூலின் உள்ளறை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறது. பந்தியிலேயே டம்ளர் தண்ணீரைத் தொட்டுத் தேய்க்கிறவர் கறையின் பரப்பளவை மட்டும் பெருக்குகிறார். பக்கத்து இலைக்காரரின் அனுதாபம் கிடைக்கும். அதற்கு மேல் பயனில்லை.

இரண்டாம் குற்றவாளி புளி. அதன் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். இந்த அமிலச் சூழலில் குர்குமின் மஞ்சளாகவே இருக்கும். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையிலும் மஞ்சள்தான். அமில, கார அளவான பி.எச். 8ஐ ஒட்டி, காரத்தின் பக்கம் நகரும்போதுதான் அது செம்பழுப்பாக மாறத் தொடங்கும். காரம் குர்குமினிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்த மூலக்கூறு ஒளியை வேறு விதமாக உறிஞ்சுகிறது. நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சோப்பு நுரை அலசப்பட்டுப் போனதும் தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு பழைய நிறத்துக்கே திரும்பிவிடுகிறது. வேட்டியில் ரத்தமா என்று பதறுகிறவர்கள் இந்தப் பத்தியை வெட்டித் துவைக்கும் கல்லின் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

முன்னோடிகள்

நிறமாற்றத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியும் முறையை 1664இல் எழுதிவைத்தவர் ராபர்ட் பாயில். அவர் வயலட் பூவின் சாற்றைப் பயன்படுத்தினார்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. அவருக்கு யாரும் சாம்பார் பரிமாறவில்லை என்பதை நாம் பெருந்தன்மையோடு மன்னிக்கிறோம். பிற்பாடு பாறைப்பாசியான லைக்கனிலிருந்து எடுத்த லிட்மஸ் பள்ளிக்கூடங்களைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஆய்வகங்களில் 19ஆம் நூற்றாண்டில், மஞ்சளில் தோய்த்த தாளான மஞ்சள் தாளும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் புகழ் முழுவதும் லிட்மஸுக்கே போயிற்று. இதில் நியாயம் உண்டு என்பதை, மனசில்லாமல், ஒப்புக்கொள்ள வேண்டும். லிட்மஸ் இரு பக்கமும் சாட்சி சொல்லும். மஞ்சளுக்குக் காரம் மட்டும்தான் தெரியும். எலுமிச்சைச் சாற்றையும் குடிதண்ணீரையும் அதனிடம் காட்டினால் இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்யும்.

அமிலம் என்றால் என்ன என்பதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று நம்பினார் லவாய்சியே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளிகூட இல்லை என்று ஹம்ப்ரி டேவி 1810இல் காட்டினார். தண்ணீரில் உப்புகள் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார் அரீனியஸ். தேர்வாளர்கள் மிகத் தாழ்ந்த தரமே போட்டார்கள். அதே கருத்துக்காக 1903இல் நோபல் பரிசு வந்தது. இந்த ஆய்வை நிராகரிக்கப் போகும் தேர்வாளர்கள் இதைக் கவனிக்க. பி.எச். அளவுகோல் 1909இல் பிறந்த இடம் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகம், பெற்றவர் சோரன்சன். அதில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். எலுமிச்சைச் சாறு சுமார் 2, சோப்புத் தண்ணீர் சுமார் 10. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்துக் கோடி மடங்கு. பீர் நுரைக்காக எடுத்த அக்கறையில் கால்வாசியை நம்மூர் மாவுக் குண்டான்மீது எவரேனும் காட்டியிருந்தால், இன்று உலகம் புளிப்பை இட்லியில் அளந்துகொண்டிருக்கும்.

பந்தியில் நிலவும் கட்சிகள்

துளி விழுந்த அரை நிமிடத்துக்குள் கறை நீக்குவதற்கு யோசனை சொல்லும் கூட்டம் கூடிவிடும். இவர்களை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

எலுமிச்சைக் கட்சி எண்ணிக்கையில் பெரியது. ஊறுகாய்த் துண்டையே எடுத்துத் தேய்க்கச் சொல்லும் தீவிரப் பிரிவும் இதில் உண்டு. இவர்களின் கோட்பாட்டில் ஓர் ஓட்டை: கறை ஏற்கெனவே அமிலத்தில்தான் ஊறிக்கிடக்கிறது. மேலும் அமிலம் ஊற்றினால் மஞ்சள் எதற்கு மாறும்? சோப்பில் சிவந்த கறையின்மேல் எலுமிச்சை பிழிந்தால் மட்டும் உடனே மஞ்சளாகும். அதைக் கண்டு இக்கட்சியினர் வெற்றி முழக்கமிடுகிறார்கள். குற்றவாளி மாறுவேடத்தைக் கலைத்தான், அவ்வளவுதான், ஊரைவிட்டுப் போகவில்லை.

உப்புக் கட்சிக்காரர்கள் இலையின் ஓரத்தில் வைத்த உப்பை எடுத்துத் தூவுவார்கள். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் பிறந்த பிள்ளை. பெற்றோர் இருவரும் தோலையே பொசுக்கக்கூடியவர்கள். பிள்ளையோ அமிலமும் அல்லாமல் காரமும் அல்லாமல் நடுநிலை. தூத்துக்குடியிலிருந்து எவ்வளவு உயர்ந்த உப்பு வந்தாலும் மஞ்சள் கறையின் விஷயத்தில் அது தலையிடாது. மேலே கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, வெற்றிலைச் செல்லத்தோடு வரும் முதியவர்களின் கட்சி. ‘கொஞ்சம் சுண்ணாம்பு தடவிப் பாருங்கோ தம்பி’ என்பது இவர்களின் ஒரே கொள்கை. சுண்ணாம்பு கடுமையான காரம். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12ஐத் தாண்டும். தடவிய கணமே வேட்டியில் குங்குமப் பொட்டு மலரும்.

கல்யாண வீடே ஆய்வகம் என்பதற்கான சான்றுகள்

முதியவர் கையில் சுண்ணாம்பு வந்தது தற்செயல் இல்லை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் சூடு பறக்க நீற்றுப்போகும். அதுதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதை மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை கலந்தால் ஆரத்தி தயார். மணமக்களை வாசலில் நிறுத்திவைத்து, கார நிறங்காட்டிச் சோதனை ஒன்றைத் தட்டில் ஏந்தி, பாட்டும் பாடி, முடிந்ததும் கரைசலைத் தெருவில் கொட்டிவிடுகிறோம். சோதனைக் குறிப்பேடு எழுதுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. ஆரத்தித் தட்டில் யாராவது எலுமிச்சை பிழிந்துவிட்டால் சிவப்பு பறந்துபோய்ப் பழையபடி மஞ்சள் நீராகும். திருஷ்டி அப்போது எந்தப் பக்கம் போகும் என்பது வேதியியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இங்கே நம் கோட்பாட்டையே ஆட்டிப்பார்க்கும் ஒரு பொருள் குறுக்கிடுகிறது: குங்குமம். பழைய செய்முறையில் மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெங்காரம் சேர்ப்பார்கள். எலுமிச்சை சேர்த்தும் சிவப்பா? மேலே எழுதிய அத்தனையும் பொய்யா? வெங்காரத்தில் போரான் என்ற தனிமம் இருக்கிறது. அமிலத்தின் துணையோடு போரான் குர்குமினைப் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கூட்டுப்பொருளை உண்டாக்குகிறது. ஆரத்தியின் சிவப்புக்குக் காரம் வேண்டும். குங்குமத்தின் சிவப்புக்குப் போரான் வேண்டும். போரான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் மஞ்சள் தாளையே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஆக, ஒரே வீட்டில், ஒரே மஞ்சளிலிருந்து, இரண்டு வெவ்வேறு வழிகளில் சிவப்பை வரவழைத்து, ஒன்றைத் தட்டிலும் ஒன்றை நெற்றியிலும் வைத்தவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்கவில்லை.

சமையல்கட்டுப் பக்கம் போனால் பாத்திரங்கள் பேசும். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் அமிலம் செம்பைக் கரைத்து உப்பாக்கிக் குழம்பில் விடும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். பூசியது உண்மையில் வெள்ளீயம். ரசத்துக்கு வெள்ளீயச் சொம்பே வைத்திருந்தார்கள். அதே புளியால் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தேய்த்தால் களிம்பு கரைந்து பளபளக்கும். வெளியே துலக்க அழைக்கப்படும் புளிக்குப் பித்தளையின் உள்ளே அனுமதியில்லை. எவர்சில்வர் வந்த பிறகு இந்தத் தீட்டு நீங்கிற்று.

பந்தி முடிந்ததும் நடுநிலையாக்கல் காதால் கேட்கும்படி நிகழ்கிறது. வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்கு எதிராகச் சோடா உப்பு கலந்த பொடியைத் தண்ணீரில் போட்டுப் பொங்கப் பொங்கக் குடித்தால், அமிலமும் சோடா உப்பும் சேர்ந்து சாப்பாட்டு உப்பு, தண்ணீர், கரியமில வாயு என மூன்றாகின்றன. மூன்றாவது ஏப்பமாக வெளியேறுகிறது. சாப்பிட்ட உப்புப் போதாதென்று வயிற்றுக்குள்ளேயே உப்புக் காய்ச்சுகிறோம். பெட்டிக்கடைக் கோலி சோடாவை நாடுகிறவர்கள் நிலை வேறு. அதில் இருப்பது கார்போனிக் அமிலம். அமிலத்துக்கு மேல் அமிலம் ஊற்றிவிட்டு, பாட்டிலில் அடைத்திருந்த வாயுவையே ஏப்பமாக விட்டு, சரியாகிவிட்டது என்று நம்புகிறார்கள்.

முடிபுகள்

சிவக்கவைப்பதும் மஞ்சளாக்குவதும் நிறத்தோடு நடத்தும் விளையாட்டு. கறையை அகற்றுவது வேறு வேலை. முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். அதற்குச் சோப்பு வேண்டும், தேய்க்கவும் வேண்டும், சிவப்பைக் கண்டு பாதியில் நிறுத்தக் கூடாது. அதன்பின் ஈரத்தோடு வேட்டியை நல்ல வெயிலில், கறைப் பக்கம் மேலாகப் போட வேண்டும். குர்குமினுக்குப் பெரும்பகை ஒளிதான். வெயில் பட்டால் மூலக்கூறு சிதைந்து நிறமிழக்கும். கொடியில் துணி உலர்த்தும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் இது தெரியும். ஆய்வாளர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

வெயில் வரும்வரை பொறுக்காதவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது வேடிக்கை அல்ல. பிளீச்சிங் பவுடரைக் கரைத்த வாளியில், இன்னும் வேகமாகக் கறை போகட்டும் என்று கழிவறை கழுவும் ஆசிடையோ எலுமிச்சையையோ வினிகரையோ ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் எடுக்கும். வெள்ளைப் பருத்தி வேட்டிக்குப் பிளீச்சிங் மட்டும், அதுவும் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து. பட்டு வேட்டிக்கு அதுவும் வேண்டாம், சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.