நரைக்குக் கோவிச்சுக்கிடாதே, மருமவனே

மருமவனே, உன் பெட்டியில அந்தக் குப்பியைப் பாத்தேன். கட்டைவெரல் தண்டிதான் இருக்கு, வெலையைப் பாத்தா ஒரு கடாக்குட்டியே வாங்கிரலாம். "டிஎன்ஏ ரிப்பேர் சீரம்"னு தங்க எழுத்துல போட்டிருக்கான். ராத்திரி படுக்கப் போகையில மூஞ்சியில நாலு சொட்டு தடவுதே. தடவுன கையோட திண்ணைக்கு வந்து ஒரு சிகரெட்டையும் பத்த வைக்கே. ரிப்பேருக்கு வேலை வேணும்லா, நல்ல யோசனைதான்.

கண்டும் காணாம இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்துல உயிரியல் நடத்தி ரிட்டயர் ஆன வாய் சும்மா கெடக்க மாட்டேங்கு.

மூஞ்சியில மேலாப்புல இருக்க தோலு இருக்கே, அது செத்த செல்லு. கரு கழண்டு போயித்தான் அது மேல வந்து உக்காந்திருக்கு. டிஎன்ஏ இல்லாத எடத்துல எதைடே ரிப்பேர் பாக்கப் போறே? சொட்டு அதையும் தாண்டி உசுருள்ள செல்லு வரைக்கும் எறங்குமா, எறங்குனா அங்க என்ன வேலை பாக்கும்னு குப்பியில ஒரு வரி கெடையாது. வெலையை மட்டும் நல்லாத் தெரியும்படி அச்சடிச்சிருக்கான்.

நெசமான மராமத்து உள்ள நடக்கு, அதுக்கு நீ ஒரு பைசா குடுக்கலை. கரு உள்ள ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ சுருட்டிக் கெடக்கு. வெயிலு, பொகைன்னு வெளிய இருந்து வாறதை விடு. ஒடம்புக்குள்ள இருக்க தண்ணியும் நாம இழுக்க காத்துமே அதைப் போட்டு அரிக்கு. ஒரு செல்லுல ஒரு நாளைக்குப் பல்லாயிரம் எடத்துல பழுது விழுது. சுவீடன்காரர் தாமஸ் லிண்டால் இதைக் கணக்குப் போட்டுப் பாத்து மெரண்டு போனாரு. இந்த வேகத்துல கெட்டா பூமியில உசுரே நெலைச்சிருக்காதே, உள்ள எவனோ சரி பண்ணிக்கிட்டே இருக்கணுமேன்னு தேடிப் போயி, கெட்ட எழுத்தை மட்டும் கிள்ளி எடுத்துட்டுப் புதுசு வைக்க என்சைமுகளைப் பிடிச்சாரு. பால் மோட்ரிச்சுன்னு அமெரிக்காக்காரர், செல்லு ரெண்டாப் பிரியுதப்போ நகல்ல விழுத பிழை எப்படித் திருந்துதுன்னு காட்டுனாரு. அந்தத் திருத்தம் இல்லைன்னா பிழை ஆயிரம் மடங்கு கூடிப் போவும்.

மூணாவது ஆளு அசீஸ் சன்ஜார், எனக்குப் பிடிச்ச ஆளு. துருக்கியில சவூர்னு சின்ன ஊரு. 1946-ல பொறந்தாரு, எட்டுப் பிள்ளையில ஏழாவது. அப்பன் ஆத்தா பள்ளிக்கூடம் கண்டதில்லை. டாக்டருக்குப் படிச்சு, சொந்த ஊருப் பக்கமே வைத்தியம் பாத்துட்டு, பெறகு அமெரிக்கா போயி ஆராய்ச்சியில எறங்குனாரு. மூணு எடத்துல வேலை கேட்டாரு, மூணுலயும் இல்லேன்னுட்டான். செரின்னு யேல் பல்கலைக்கழகத்துல ஆய்வுக்கூட டெக்னீசியனா உக்காந்து, வெயில் கெடுத்த டிஎன்ஏவை பாக்டீரியா எப்படிச் சரி பண்ணுதுன்னு பாத்தாரு. பெறகு மனுசச் செல்லுலயும் பாத்தாரு. பழுதுக்கு ரெண்டு பக்கமும் வெட்டி, நம்ம செல்லுல இருபத்தஞ்சு முப்பது எழுத்தை அப்படியே தூக்கிட்டு, எதிர் இழையைப் பாத்துப் புதுசா எழுதிருது. 2015-ல மூணு பேருக்கும் சேத்து வேதியியல் நோபல் குடுத்தாங்க. வேலை இல்லேன்னு சொன்ன மூணு எடத்துக்காரனும் அன்னைக்கு என்ன மூஞ்சி வச்சிருப்பான்னு நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது.

இந்த வெட்டி ஒட்டுத வேலை பொறப்புலயே கோளாறா வந்த பிள்ளைக உண்டு. ஜெரோடெர்மா பிக்மென்டோசம்னு ஒரு நோவு. வெயில் பட்டாத் தாங்காது, சிறுசுலயே தோலுல புத்து வந்துரும். காரணம் மராமத்துக் கோளாறுதான்னு ஜேம்ஸ் கிளீவர் 1968-ல காட்டுனாரு. காக்கெய்ன் நோவுன்னு இன்னொண்ணு இருக்கு. அதுவும் இதே வேலையில விழுத கோளாறுதான். ஆனா அந்தப் பிள்ளைகளுக்குத் தோல் புத்து வாறதில்லை. அதுக்குப் பதிலா பால்பல்லு விழுத வயசுலயே கெழடு தட்டிரும். பழுதுபட்ட செல்லு பொழைச்சுப் பெருகுனா புத்து, பெருகாம நின்னோ செத்தோ போனா மூப்பு. ரெண்டும் பங்காளிக மருமவனே. சீரம் விக்கவன் ஒருத்தனைக் காட்டி மத்தவனை மறைக்கான்.

எந்தச் செல்லு நிக்கணும், எது சாகணும்னு முடிவு பண்ணுததுல பெரிய கை பி53ங்கிற புரதம். 1979-ல கண்டுபிடிச்சாங்க. டிஎன்ஏவுல பழுது விழுந்தா, சரி பண்ணுத வரைக்கும் பெருகாதேன்னு செல்லைப் பிடிச்சு நிறுத்தும். சரிப்பட்டு வராதுன்னா செத்துப் போன்னுரும், இல்லை சாகுத வரைக்கும் பெருகாம ஓரமா உக்காருன்னுரும். மனுசனுக்கு வாற புத்துநோய்ல பாதிக்குப் பாதி இந்தக் காவக்காரன் கெட்டுப் போயிருக்கான். யானையைப் பாரு, அம்மாம் பெரிய ஒடம்பு, அம்புட்டுச் செல்லு, புத்துநோய் என்னமோ அபூர்வம். நமக்கு ஒரு பி53 மரபணுன்னா அதுக்கு இருவது நகல் இருக்குன்னு 2015-ல சொன்னாங்க. லேசாப் பழுதுபட்டாலே யானைச் செல்லு உசுரை விட்டுருமாம்.

அப்ப எனக்கும் நாலு நகல் கூடச் சொருகுன்னு கேப்பே. ஹூஸ்டன்ல எலியில பாத்தாங்க, 2002-ல. பி53 எந்நேரமும் துள்ளிக்கிட்டே இருக்கும்படி பண்ணுன எலி. புத்துக்கட்டி அநேகமா வரலை. ஆனா எலும்பு தேஞ்சு, முதுகு கூனி, மத்த எலிகளுக்கு முந்தியே கெழண்டு செத்துச்சு. அதே வருசம் ஸ்பெயின்ல வேற எலிக்கு நகல் ஒண்ணு கூட வச்சு, வேண்டியப்போ மட்டும் எழும்பும்படி விட்டாங்க. அது புத்துக்கும் தாக்குப் பிடிச்சது, சீக்கிரமா கெழடும் ஆகலை. காவக்காரனுக்கு எப்போ எந்திரிக்கணும், எப்போ படுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும், அம்புட்டுத்தான். அந்த வித்தை எலிக்கு வாச்சிருக்கு. மனுசனுக்குக் கடையில வாங்குத மாதிரி இன்னும் வரலை. வந்தா உங்கிட்ட ஏற்கெனவே வித்திருப்பான்.

நீ ஞாயித்துக்கெழமை தவறாம டை அடிக்கியே, அதுக்கும் ஒரு சேதி இருக்கு. மயிருக்குக் கறுப்புக் குடுக்க தாய்ச்செல்லு டிஎன்ஏ பழுதுபட்டா, தாய்ச்செல்லாவே நெலைச்சுக் கெடக்காம முதிர்ந்து, வேலையை விட்டு ஒதுங்கிருதுன்னு ஜப்பான்ல எலியில கண்டாங்க, 2009-ல. எலி நரைச்சுப் போச்சு. கெட்ட செல்லு மேல மேல பெருகாம மரியாதையா வெளியேறுன எடம்னு நரையை நெனச்சுக்கோ. எனக்கு இந்தத் தலை பூராவும் அப்படி மரியாதைதான்.

மூப்பே வேண்டாம், சாவும் வேண்டாம்னு இருக்க செல்லும் உண்டு. 1951-ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஹென்ரியேட்டா லாக்ஸ்னு ஒரு தாயி, முப்பத்தொரு வயசு, கருப்பைவாய்ப் புத்துல செத்துப் போனா. அவகிட்ட கேக்காமலே எடுத்த செல்லு இன்னைக்கும் உலகம் பூரா ஆய்வுக்கூடத்துல பெருகிக்கிட்டே கெடக்கு. சாகா வரம் புத்துக்குக் கெடைச்சுது, அவளுக்குக் கெடைக்கலை. அந்தப் புத்தைக் கொண்டாந்தது எச்பிவிங்கிற கிருமி, அதுல 18-ஆம் வகை. அது உள்ள வந்து பாக்குத மொத வேலைகள்ல ஒண்ணு பி53-யைப் பிடிச்சு அழிக்கது. களவாணிக்குத் தெரிஞ்சிருக்கு, யாரை மொதல்ல சாய்க்கணும்னு.

உன் சிகரெட்டு அந்தக் களவாணிக்குக் கையாளு. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுன்னு வருசம் பூரா இழுத்தா, நுரையீரல்ல ஒவ்வொரு செல்லுலயும் சராசரியா 150 எடத்துல டிஎன்ஏ எழுத்து மாறுதுன்னு 2016-ல எண்ணிச் சொல்லிட்டாங்க. எத்தனை என்சைமு வந்து கிள்ளினாலும் தப்பிச்சு நிக்கதுதான் அந்த 150. நான் வெத்திலை போட்டதைக் காட்டித் தப்பிக்கலாம்னு பாக்காதே. பாக்கே புத்து உண்டாக்கும்னு சொன்ன நாள்ல இருந்து என் வாயி காலிதான், வேணும்னா உங்க அத்தைட்ட கேளு. இழுக்கதை விட்டவனுக்கு நல்ல சேதியும் இருக்கு. விட்டவன் நுரையீரல்ல அம்புட்டாப் பழுதுபடாத செல்லு மறுபடியும் எடம் பிடிக்குன்னு 2020-ல பாத்திருக்காங்க.

கடைசியா ஒண்ணு, இது வெளையாட்டு இல்லை. என் பேத்திக்குப் பத்து வயசு முடிஞ்சுட்டு. அந்த எச்பிவி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கு, ஒம்பதுல இருந்து பதினாலு வயசுக்குள்ள போட்டா நல்லாப் பலிக்கும். அடுத்த குப்பி வாங்குத காசை எடுத்துக்கிட்டு, டாக்டரம்மாட்ட அவளைக் கூட்டிட்டுப் போயி அந்த ஊசியைப் போட்டுட்டு வா.