ஆச்சரியக்குறி மேனேஜர்

மேனேஜர் சாரின் கம்ப்யூட்டரில் வேலை என்று ஒன்று இருந்ததே கிடையாது. திண்டிவனம் பம்புசெட் கடையில், காலை பத்து மணிக்கு, ஒருவருக்குச் செய்ய எதுவுமில்லை என்றால் ஒன்று அவர் முதலாளியின் மச்சானாக இருக்க வேண்டும், அல்லது டூடூயிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் ஆப்பில் ஃபில்டர் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சார் யாருக்கும் மச்சான் இல்லை.

வித்தை சின்னதுதான். ஃபில்டரில் ப்ராஜெக்ட் பெயருக்கு முன்னால் ஹேஷ் குறி, அதற்கும் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. அந்த ப்ராஜெக்ட் பட்டியலில் வராது, அழியவும் அழியாது. வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் குழம்பாமலிருக்க உதவும் வசதி. சார் முதலில் 'பழைய பாக்கி'யை மறைத்தார். ருசி கண்டுவிட்டது. அடுத்து 'வாரண்டி', 'ஜிஎஸ்டி'. பிறகு செஞ்சி, வானூர், மரக்காணம் என்று தாலுகா தாலுகாவாக. கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்க அரசுக்கே 2019 ஜனவரியில் அறிவித்து நவம்பர் வரை ஆனது. சார் மரக்காணத்தைப் பிரித்து அனுப்ப ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறாவது வேண்டும். இவருக்கு அதுவும் வேண்டாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. விக்கிரவாண்டிப் பக்கம் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயிலே நின்றது. முங்கிப்போன மோட்டார்களெல்லாம் காயில் கட்டக் கடைக்கு வந்து குவிந்தன. சார் பொறுப்பாக 'பெஞ்சல்' என்று ப்ராஜெக்ட் திறந்தார். ஒவ்வொரு மோட்டாரையும் ரசீது நம்பரோடு ஏற்றினார். சாயங்காலம் ஆச்சரியக்குறி போட்டார்.

"சார், மயிலத்துப் பெரியவர் மோட்டார் என்னாச்சு?"

"நம்ம லிஸ்ட்லயே இல்லையே தம்பி!"

பொய் இல்லை. லிஸ்டில் இல்லைதான்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷருக்கு பிபி. கெடு தாண்டிய வேலைகள் சிவப்பில் வரிசைகட்டினால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. திரை காலியாக இருந்தால் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார்.

ஆனால் கவுண்டரில் நிற்பது நான். பயிர் காயுதென்று ரசீதை நீட்டுகிறவர் முகத்தில் எந்தக் குறியைப் போடுவது? திட்டு எனக்கு, டீ எல்லோருக்கும்.

சார், தாராளமாக ஃபில்டர் போடுங்கள். சனிக்கிழமை ஒருநாளாவது எடுத்துவிட்டுப் பாருங்கள். என் தீபாவளி போனஸும் உள்ளேதான் கிடக்கிறது.