வெளுத்த பார்கள்

என் சிறு வயதில் தூத்துக்குடியில் காற்று திரும்புவதை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆடியில் கச்சான் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி பிறந்தால் வாடை. வாடையோடு மழையும் வந்துவிட்டால் உப்பளங்களில் வேலை நிற்கும். தை பிறந்ததும் சேற்றை வழித்துப் பாத்தி மிதிப்பார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். அடுத்த மழை இறங்கும்வரை வாரிக்கொண்டே இருப்பார்கள். வருடம் தவறாமல் இப்படி நடந்ததென்று சொல்ல மாட்டேன். பொய்த்த மழையும் உண்டு, புயலும் உண்டு. ஆனால் எதை எப்போது எதிர்பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உப்பளத்துக்காரரும் கடலுக்குப் போகிறவரும் அந்தத் தெளிவை நம்பித்தான் கடன் வாங்கினார்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

அன்று கரையில் மீனோடு கல்லும் வந்து இறங்கியது. வல்லம் வல்லமாகப் பவளப்பாறையை உடைத்துக் கொண்டுவருவார்கள். வீட்டுச் சுவருக்கு அந்தக் கல். காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. ஆலைகளுக்கும் அது கச்சாப் பொருள். அது உயிருள்ள கல் என்று அந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கடலுக்கடியில் குட்டி உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய பார் அது. மீன் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதான். அலையின் வேகத்தைக் கரைக்கு வெளியே தணித்ததும் அதுதான்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனாலும் கல் உடைப்பது நிற்கவில்லை. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. காவலாக நின்ற பாரை உடைத்தெடுத்ததே அதற்கு முதல் காரணம். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, தீவுகளும் பார்களும் தங்களுக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதைக் கரையோர மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 2005-இல் கல் எடுப்பது நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்ல வேண்டும். 2005-இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009-இல் சுமார் 43 விழுக்காடாக உயர்ந்தது. மனிதன் கையை எடுத்ததும் கடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. இனி நம் பிள்ளைகளுக்கு இந்தக் கடல் மிஞ்சும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தது வெப்பம். 2010-இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-இல் அதைவிடக் கடுமையாக வெளுத்தன. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. உணவில் பெரும்பங்கும் நிறமும் அதற்கு அவற்றிடமிருந்தே கிடைக்கின்றன. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீர் சூடாகவே இருந்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். பிறகு வெள்ளை எலும்பாக நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியில் சாகும். 2016-இல் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. கல் உடைப்பை நிறுத்தி ஆண்டுக்கணக்கில் மீட்டெடுத்ததைவிட அதிகமாக ஒரே கோடை கொண்டுபோய்விட்டது.

திரேஸ்புரத்தில் சங்கு குளித்து வாழ்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்ன நாங்க உடைச்சோம் தம்பி, உடைச்ச இடம் தெரியும். இப்ப யாரும் தொடலை, ஆனா பார் முழுக்க வெளுத்துக் கிடக்கு. யாரைப் போய்க் கேக்க?"

அவர் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து சேர்ந்தது அது. அதனால் பூமியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டைக் கடல்தான் உள்வாங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்த முதல் ஆண்டு 2024. அதே ஆண்டில்தான் உலகம் தழுவிய நான்காவது பவள வெளுப்பும் அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஊரிலும் அந்தப் புகை உண்டு. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் அது ஐந்து அலகுகளாக, 1,050 மெகாவாட்டாக வளர்ந்தது. அந்தப் புகைபோக்கியை நாங்கள் பெருமையோடு பார்த்தோம். அது வேலை தந்தது, விளக்கு தந்தது. அந்த வெளிச்சத்தில் படித்தவன் நான். அதில் வேலை பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று எரிந்த கரியின் வாயு இன்னும் காற்றில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்குப் பிறகும் இருக்கும்.

கரையேறினாலும் அதே கதைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்துக்குச் சராசரியாக ஒரு முழு ஆண்டிலும் அவ்வளவு மழை கிடைப்பதில்லை. தாமிரபரணி கரையுடைத்தது, உப்பளங்கள் வெள்ளக்காடாயின, குவித்து வைத்த உப்பு கரைந்தது. ஒரு மழையை மட்டும் காட்டி, இது புவி வெப்பத்தால்தான் வந்தது என்று முடித்துவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏழு விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அப்படித் தாங்கிய ஈரம் பெய்யும்போது சேர்த்துக் கொட்டுகிறது.

மழை இல்லாத மாதங்களில் வெயில். உப்பளத்தில் நிழல் கிடையாது. வெள்ளைப் பாத்தி வெயிலை முகத்துக்கே திருப்பி அடிக்கும். வாருபலகை பிடித்த ஓர் அக்கா சொன்னார்: "முன்ன சித்திரையிலதான் தலை சுத்தும். இப்ப மாசியிலேயே சுத்துது." காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, உடம்பு தணியாது. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்பது நல்லது. இறக்காமல் காக்கும் நிழற்கூரையும் குடிநீரும் உச்சி வேளை ஓய்வும் அதைவிட அவசியம். அவற்றை இந்தக் கோடைக்கே செய்துவிடலாம்.

கடலிலும் வேலை நடக்கிறது. அரிப்பில் பெரும்பகுதியை இழந்த வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பவளத் துண்டுகளையும் கடற்புல்லையும் நட்டு வளர்க்கிறார்கள். அவர்கள் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் நட்ட பவளமும் சுடுநீரில் வெளுக்கத்தான் செய்யும். இவை நமக்குக் கால அவகாசம் வாங்கித் தருகின்றன. அந்த அவகாசத்தில் கரி எரிப்பதைக் குறைத்தாக வேண்டும்.

அதற்கான வழியும் இதே கரையில்தான் தொடங்கியது. 1986-இல் முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றை நிறுவினார்கள். உப்பை உலர்த்திய அதே காற்று மின்சாரம் தந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது; சூரிய மின்சாரமும் வேகமாகக் கூடுகிறது. காற்று ஓய்ந்த நேரத்துக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஏற்பாடும், அதைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களும்தான் இன்னும் வளர வேண்டும். அப்படியிருந்தும், திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடியில் 1,320 மெகாவாட்டுக்குப் புதிய நிலக்கரி நிலையம் எழும்பி நிற்கிறது.

கல் எடுப்பதை நிறுத்த முடியாது, அதை நம்பியவர் வயிறு என்னாவது என்று அன்றும் கேட்டார்கள். சட்டம் வந்தது, கண்காணிப்பு வந்தது, நிறுத்தினோம், கடல் மீண்டது. கரி எரிப்பதையும் அப்படி நிறுத்த முடியும். அதை நம்பியிருக்கும் தொழிலாளிக்கு மாற்று வேலையை முதலில் உறுதிசெய்துவிட்டு, பழைய உலைகளை ஒவ்வொன்றாக மூட வேண்டும். இனி ஒரு புதிய நிலக்கரி நிலையத்துக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது. உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இதை எந்த ஆண்டுக்குள் செய்வீர்கள் என்று கேளுங்கள். ஆண்டைச் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.