முக்கால் மணி நேரப் பட்டு

ஆவணியில் கல்யாணம் வைத்தவர்களுக்கு ஜவுளியில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர்கள் தள்ளுபடி தருவது ஆடியில். ஆடியிலோ நல்ல காரியத்துக்குத் துணி எடுக்கக் கூடாது. ஆவணி பிறந்ததும் தள்ளுபடி போர்டை இறக்கிவிடுவார்கள். சாஸ்திரமும் பர்ஸும் இப்படி முட்டிக்கொள்ளும்போது புகுந்து வெளியேற ஒரே ஒரு சந்துதான் இருக்கிறது: ஆடிப் பதினெட்டு. பெருக்கு நாள், தொட்டது பெருகும், தாலிக்கயிறு மாற்றுகிற நாள். அன்றைக்குப் பட்டு எடுத்தால் தோஷம் கிடையாது, தள்ளுபடியும் உண்டு. இந்த யோசனை நமக்கு மட்டும்தான் வந்தது என்ற நினைப்பில் திண்டுக்கல் ரத வீதிக்குள் வேனை விட்டோம். மாவட்டமே அங்கேதான் நின்றது.

அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தக் கூறை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அதை மணவறையில் வாங்கிக்கொண்டு போய் மாற்றும்வரை பெண் கட்டியிருக்க வேண்டியது தாய்மாமன் எடுத்த பட்டு. அந்தத் தாய்மாமன் நான். பட்ஜெட் 15,000 ரூபாய். பையனின் காலேஜ் பீஸ், எல்.ஐ.சி. பிரீமியம், மொய் பாக்கி எல்லாம் கழித்து நானும் மனைவியும் கண்டுபிடித்த தொகை. கடைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்ததும் விற்பனைப் பையன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"எந்த ரேஞ்சுலக்கா பாக்குறீங்க?"

"ரேஞ்ச் என்ன தம்பி ரேஞ்ச்? நல்லதா எடுத்துப் போடு" என்றாள் என் மனைவி. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண்தான் தொகையைச் சொல்லுவாள்? பையன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். என் செருப்பு வாசலில் கிடந்ததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் அதைப் பார்த்தே ரூபாய் சுத்தமாகத் தொகையைச் சொல்லியிருப்பான்.

எங்கள் குழுவில் அம்மா, அக்கா, மச்சான், அம்மாவின் தங்கையான சின்னம்மா, 'கலர் நல்லா செலக்ட் பண்ணும்' என்று அழைத்துவரப்பட்ட எதிர்வீட்டு அக்கா எல்லோரும் இருந்தார்கள். கல்யாணப் பெண்ணும் இருந்தாள், ஓரமாக, போனுடன்.

சேலைகள் விழ ஆரம்பித்தன. தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, மயில் கழுத்து. காஞ்சிபுரத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கென்று நெய்ததால் பேர் நின்றுபோன எம்.எஸ். ப்ளூ. 'நீலம் மணவறைக்கு ஆகாது' என்று சின்னம்மா அதைத் தள்ளினாள். அடுத்தது பாலும் பழமும் கட்டம். படம் வந்தது 1961-ல். அதற்கு 40 வருஷம் கழித்துப் பிறந்திருக்கக்கூடிய பையன், முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன்போல அதை விரித்தான். 'வயசானவங்க கட்டுறது' என்று அதுவும் போனது. பிடித்த சேலையை டியூப்லைட்டில் நம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போவார்கள். பின்னாலேயே கடைப் பையன் ஒருவன், கைதியை கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் போலீஸ்காரர் முகத்தோடு போவான்.

சின்னம்மாவின் துறை ஜரிகை. அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலில் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் ஏற்றியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து சின்னம்மா தன் வலது கட்டைவிரல் நகத்தை வெட்டுவதில்லை. மச்சானின் துறை நூல். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், விரலில் தேய்த்தால் பொடியாகும், பாலியஸ்டர் என்றால் உருண்டையாகத் திரளும் என்று யூடியூபில் பார்த்திருந்தார். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில், துணி மலைக்கு நடுவில், சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பையன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "சார், சில்க் மார்க் அட்டை இருக்கு சார்!" மத்திய பட்டு வாரியம் 2004-ல் அந்த முத்திரையைக் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட மச்சான்களிடமிருந்து கடைகளைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்றும் பையனே சொன்னான். அந்த ஜரிகையில் தங்கம் ஒரு சதவீதம்கூடக் கிடையாது, அதிகமாக இருப்பது வெள்ளிதான். வெள்ளி ஏறினால் சேலை ஏறும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று நாடா ஓட வேண்டும், கூலி அதற்குத் தக்கபடி. எல்லாம் நியாயம். நியாயமான விலை நம் கையில் இருக்கும் விலையாகவும் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

கடைசியில் அரக்கில் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. 14,800. நான் பர்ஸில் கை வைத்தேன். சின்னம்மா அதைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினஞ்சுக்குள்ள இருக்கும்னு பாத்தாலே தெரியுது."

அதோடு அந்தச் சேலைக்கு அந்தப் பாயில் மரியாதை போய்விட்டது.

நான் பார்த்தவரையில் சேலை விலையில் இரண்டு கணக்கு இருக்கிறது. தினக் கட்டுச் சேலை என்றால் வாங்கிய விலையைவிடக் குறைத்துச் சொல்ல வேண்டும், சாமர்த்தியசாலி என்று பேர் வரும். கல்யாணப் பட்டு என்றால் கூட்டிச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குப் பேர் வரும். ஆண்கள் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு அடி வாங்குகிறோம். பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைப் போடுவதுபோல முந்தானை ஓரத்தில் விலையையும் நெய்துவிட்டால் பாதி வேலை குறையும்.

அப்போதுதான் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "மாமா, சின்னாளபட்டி போவோமா?"

"சின்னாளபட்டியா! கல்யாணத்துக்கா!" என்றார்கள் நாலைந்து பேர்.

மதுரை ரோட்டில் 10, 12 கிலோமீட்டர்தான். சுங்குடிக்குப் பேர்போன ஊர். செயற்கைப் பட்டுக்கும்தான். பட்டுப்புழு பக்கத்திலேயே வராத, ரேயான் நூலில் நெய்த பளபளப்பு. காஞ்சிபுரம் எட்டாத வீடுகளுக்கு ஒரு காலத்தில் அதுதான் பட்டு. ஊரை ஒட்டியே காந்திகிராமம். அதை 1947-ல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். பஸ் கம்பெனி அதிபரின் மகள். நினைத்திருந்தால் காஞ்சிபுரத்தையே விலைக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மணந்தபோது காந்தி முன்னிலையில், சேவாகிராமத்தில், எளிமையாக நடந்தது கல்யாணம். வேனில் இதை நான் கொஞ்சம் உணர்ச்சியோடு எடுத்துச் சொன்னேன்.

"அவங்க பக்கத்துல காந்தி இருந்தாரு. நம்ம பக்கத்துல உங்க சின்னம்மால்ல இருக்காங்க" என்றாள் மனைவி.

சின்னாளபட்டியில் முன்னறையே கடையாக இருந்த ஒரு வீட்டில் உட்கார்ந்தோம். ஏ.சி. இல்லை, கூல்டிரிங்ஸ் இல்லை, விரித்துக் காட்டப் பையன் இல்லை. அந்த வீட்டம்மா கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே குழம்பைக் கிண்டப் போய்விட்டார். அம்மா ஒரு சேலையை மடியில் எடுத்துப் போட்டுக் கரையைத் தடவிக்கொண்டே, பழைய நினைப்பில் வாயை விட்டுவிட்டாள். "என் கூறைச் சேலையும் இதே கரைதான். இங்கதான் எடுத்தாங்க."

சின்னம்மாவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. "அக்கா, காஞ்சிபுரம்னுல்ல சொன்ன?"

"அப்பிடித்தான் சொல்லச் சொன்னாங்க எங்க மாமியா."

"அதைப் பாத்துட்டு அதே மாதிரி வேணும்னு நான் அழுது, அப்பா கறவ மாட்ட வித்துல்ல எனக்குக் காஞ்சிபுரம் எடுத்தாரு!"

சம்பவம் நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாட்டை வாங்கியவர், விற்றவர் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் குழம்பு இறங்கும்வரை அந்த மாட்டைப் பற்றித்தான் பேச்சு.

அந்தச் சத்தத்தில் பெண் தன் வேலையை முடித்துவிட்டாள். அரக்கு உடல், மாம்பழக் கரை, 2,200 ரூபாய். தாய்மாமன் மானம் என்று நான் இழுத்தேன். அவள் கணக்கு வேறு. "மாமா, உங்க சேலை என் மேல இருக்கப்போறது முக்கால் மணி நேரம். கூறை வந்துட்டா கழட்டிருவேன். மிச்சக் காசுல ஜாக்கெட்டுக்கு ஆரி வொர்க் போட்டுத் தாங்க. அது போட்டோவுல நிக்கும்."

ஆரிக்காரப் பெண் முதுகுக்கு ஒரு ஜோடி மயில், கைக்குத் தாமரை என்று வரைந்து காட்டி 7,500 கேட்டார். சேலையைவிட மூன்று பங்குக்கு மேல் விலையுள்ள ஜாக்கெட். மீதி இருந்த 5,300-ம் தங்கவில்லை. வேனில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஆளுக்கொரு சுங்குடி, சின்னம்மாவுக்கு மாட்டுக்கு நஷ்டஈடாக இரண்டு.

கல்யாணத்தன்று மாமன் சேலையில் பெண் மணவறைக்கு வந்தாள். விலை கேட்டவர்களுக்கு அக்கா பதினெட்டு என்றாள், என் மனைவி இருபது என்றாள். நகத்தை நீட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதுகு மயிலைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்கள். கரைவரை யாரும் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, எங்க எடுத்தீங்க? தை மாசம் என் மகளுக்கு வச்சிருக்கேன். இதே மாதிரி எடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். "காஞ்சிபுரம்தான். அவனுக்கு அங்க எல்லாக் கடையும் அத்துப்படி. கூடவே வந்து எடுத்துத் தருவான்."

நான் இதுவரை செங்கல்பட்டில் இறங்கியதுகூடக் கிடையாது. அந்த அம்மா என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்.