அதுதான் அவருடைய டிம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. போன சனிக்கிழமை எதிரே வந்தது லாரியா, காரா, இல்லை சாட்சாத் முருகப்பெருமானா என்று தெரியவில்லை. டிம் பண்ணச் சொல்லி லைட்டை அடித்தேன். பதிலுக்கு அவரும் ஒரு அடி அடித்தார். அப்போதுதான் புரிந்தது, அதுவரை வந்ததுதான் அவருடைய டிம். தாண்டிப் போகும்போது பார்த்தால் பழைய சின்ன கார். வண்டி விலையில் பாதிக்கு லைட் போட்டிருப்பார் போல.

எல்இடி போடலாமா, கூடாதா என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இண்டிகேட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட். டிக் டிக் என்று கேட்கிறதே, அது ஃபிளாஷர் ரிலே. கரண்ட் குறைந்தால் பல்பு போச்சு என்று அர்த்தம். வேகமாக அடித்து டிரைவரிடம் சொல்ல வேண்டும். இதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாடம். எல்இடி இழுப்பதோ இரண்டு மூன்று வாட். ரிலே பதறிவிடும். நிதானமாக இடது கை காட்ட வேண்டிய வண்டி, அடுப்பை அணைக்காமல் ரயிலேறிவிட்ட மாமி போலப் படபடக்கும்.

கடைக்காரர் இதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறார். தங்க நிறத்தில் ஒரு அலுமினியத் துண்டு, பெயர் ரெசிஸ்டர். 6 ஓம், 50 வாட் என்று மேலே எழுதியிருக்கும். வெளிச்சம் தராது, சத்தம் போடாது. கரண்டை வாங்கிச் சூடாவது மட்டும்தான் அதன் உத்தியோகம். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 வாட். அதாவது, 21 வாட் பல்பு கரண்டைத் தின்கிறது என்று கழற்றிப் போட்டு, மிச்சம் பிடிக்க எல்இடி வாங்கி, பிடித்த மிச்சத்தைத் தீர்த்துக்கட்ட இன்னொன்றையும் வாங்கி, கடைசியில் பழையதைவிட அதிகம் எரிக்கிறோம். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று. தொட்டால் சுடும், பிளாஸ்டிக் மேல் கட்டக் கூடாது என்று கடைக்காரரே எச்சரிப்பார். எச்சரித்துவிட்டு பிளாஸ்டிக் மேல்தான் ஒட்டுவார், டபுள் டேப் போட்டு. எல்இடிக்கென்றே ரிலே வருகிறதே, அதை மாற்றினால் ரெசிஸ்டரே வேண்டாமே என்று கேட்டேன். “அதெல்லாம் செட் ஆகாது சார்” என்றார். ஸ்டாக் இல்லை என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல எனக்கு வராது.

ஹெட்லைட்டுக்கு வருகிறேன். எச்4 ஹாலஜன் பல்பில் டிம்முக்கான இழைக்கு அடியில் குட்டியாக ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். எதிரே வருகிறவன் கண்ணில் வெளிச்சம் ஏறாமல் மறைப்பது அதுதான். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணி வார்த்தது. அந்த இடத்தில் எல்இடியைச் செருகினால், சில்லு கொஞ்சம் இடம் தவறினாலும் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு புளியமரத்து உச்சிக்குப் போகிறது. கடையில் இதெல்லாம் தெரியாது. பட்டப்பகலில் எதிர்க்கடை ஷட்டரில் அடித்துக் காட்டி, “பாத்தீங்களா, வெள்ளையா எப்படி அடிக்குது!” என்பார்கள். பல்புக்குப் பின்னால் ஒரு ஃபேன் வேறு. அது ரப்பர் மூடிக்குள் அடங்காது. உடனே பிளேடால் மூடியை அறுத்துவிடுவார்கள். முதல் மழைக்கே ஹெட்லைட்டுக்குள் ஆவி கட்டும்.

நீல எல்இடிக்காக 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு வழி திறந்தது அதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. செஞ்சி ரோடு அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு காலத்தில் டிராஃபிக் போலீஸே நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இன்னமும் இருக்கிறது. செக்கிங்கும் நடக்கிறது. ஆர்சி பார்க்கிறார்கள், இன்ஷூரன்ஸ் பார்க்கிறார்கள், பொல்யூஷன் சர்டிஃபிகேட் எங்கே என்கிறார்கள். லைட்டை மட்டும் பார்ப்பதில்லை. எப்படிப் பார்ப்பார்கள், கண் கூசுகிறதே.