பதிமூன்றும் நூற்று முப்பதும்

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். “இங்க வாழ்க்கைத் தரமே வேறப்பா, வந்துடுங்க” என்கிறான். எனக்கு ஊரை விட மனசில்லை. உண்மையில் எந்த நாடு உசத்தி?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரா என்ற பக்கத்து ஊர் வழக்கே இன்னும் தீரவில்லை. நீங்கள் நாட்டையே கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்!

ஐ.நா.வின் 2025 மனித வளர்ச்சி அறிக்கையில் சிங்கப்பூருக்கு 13-வது இடம், இந்தியாவுக்கு 130. ஒரு சைபர்தானே வித்தியாசம் என்று தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் சராசரி ஆயுளில் அவர்கள் நம்மைவிடப் பத்து வருடத்துக்கு மேல் முன்னால் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரி, பஸ், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் மகன் கட்சியே ஜெயிக்கும், வீம்புக்கு வாதாடாதீர்கள்.

அந்த அறிக்கை ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றைத்தான் அளக்கிறது. செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணிலுக்கு அதில் மார்க் கிடையாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கிடையாது.

இன்னொன்று. சிங்கப்பூரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அங்கே பொதுவாகச் சிறிய ரக நாய் ஒன்றுக்குத்தான் அனுமதி. உங்கள் ஊர் பெயரைத் தாங்கிய நாய்க்கு வாசலிலேயே தடை. (கார் வாங்கவும் ஏலத்தில் உரிமை எடுக்கவேண்டும், அதுவும் பத்து வருடத்துக்கு.)

மூன்று மாதம் போய் இருந்து பாருங்கள். பால்கோவாவை மட்டும் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள். எத்தனை கிலோ என்று மகன் சொல்லியிருப்பானே?