நாய்க்கும் விடுதி, இருமலுக்கும் விடுதி

கே: பொங்கலுக்கு மதுரை போகிறோம். எங்கள் லாப்ரடாரை போர்டிங்கில் விட்டால் இருமலோடுதான் திரும்பும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? – வேளச்சேரி வாசகி

ப: விட்ட நாயெல்லாம் இருமிக்கொண்டு வருவதில்லை. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பண்டிகை நாளில் விடுதி நிரம்பி வழியும். ஒரு நாய் இருமினால் போதும், காற்றில் பறக்கும் துளிகளும் பொதுவான தண்ணீர்க் கிண்ணமும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இப்படிப் பரவும் இருமலுக்கு 'கென்னல் காஃப்' என்று பெயர். அது ஒரே கிருமியின் வேலையும் அல்ல. போர்டெட்டெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்ஸா, அடினோ வைரஸ் என்று ஒரு கூட்டமே உண்டு.

கே: வருஷா வருஷம் ஊசி போடுகிறோமே, போதாதா? – திருச்சி வாசகர்

ப: தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசி இருக்கும். டிஸ்டெம்பர், அடினோ, பாராஇன்ஃப்ளூயன்ஸாவுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியும் இருக்கும். போர்டெட்டெல்லாவுக்குப் பெரும்பாலும் தனி மருந்து வேண்டும். மூக்கில் விடும் சொட்டு மருந்து சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஊசி என்றால் முதல் முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. ஆகவே ரயில் டிக்கெட் எடுக்கும் அன்றே கால்நடை மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள். தடுப்பு மருந்து போட்ட நாய்க்கும் இருமல் வரலாம், ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போகும்.

கே: விடுதியைப் பார்க்கப் போகிறேன். ஏசி இருக்கிறதா என்று கேட்டால் போதுமா? – கோவை வாசகி

ப: ஏசியைவிட ஜன்னலைக் கேளுங்கள். மூடிய அறையில் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டால், குளிர்ச்சியோடு கிருமியும் எல்லாக் கூண்டுக்கும் போகும். இருமுகிற நாய்க்குத் தனி அறை உண்டா? அந்த அறையைக் கவனிக்கும் ஊழியர் கை கழுவாமல் அடுத்த நாயைத் தொடுகிறாரா? ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கிண்ணமா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காத விடுதி, மற்ற நாய்களின் புத்தகத்தையும் கேட்டிருக்காது. அங்கிருந்து நாயோடு திரும்பி வந்துவிடுங்கள். 2015-இல் அமெரிக்காவின் சிகாகோவில் ஹெச்3என்2 நாய்க்காய்ச்சல் பரவியபோது, விடுதிகளும் பகல்நேரக் காப்பகங்களும்தான் அதற்கு வழி திறந்துவிட்டன. இத்தனைக்கும் அது பணமும் மருத்துவரும் நிறைந்த ஊர்.

கே: போர்டிங்கிலிருந்து வந்த நாய், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமி, வெள்ளை நுரை கக்குகிறது. என் இருமல் சிரப்பில் கொஞ்சம் கொடுக்கலாமா? – சேலம் வாசகர்

ப: வேண்டாம். பாராசிட்டமால் அதைவிட வேண்டாம். நாய்க்கு அது நஞ்சாகலாம். வாய்க்குள் விரலை விட்டு எலும்பும் தேடாதீர்கள். எலும்பா இருமலா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கென்னல் காஃப் என்றால் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் நாய்க்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் சரியாகிவிடும். அதுவரை கழுத்துப்பட்டையைக் கழற்றி, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் போடுங்கள். மூச்சுக்குழாயை இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் அடுத்த இருமலைக் கூப்பிடும். சாப்பிட மறுத்தால், காய்ச்சல் அடித்தால், மூச்சு வாங்கினால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குட்டி, கிழம், பக் போன்ற சப்பைமூக்கு நாய் என்றால் இருமல் தொடங்கிய அன்றே.

கே: லேசான இருமல்தான். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. விடுதியில் சொல்லாமல் விட்டுவிடலாமா? – பெயர் வேண்டாம்

ப: கூடாது. உங்களுக்கு லேசானது, அடுத்த கூண்டில் இருக்கும் குட்டிக்கு நிமோனியாவாகலாம். இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கக்கூடும். நாய்க்குப் பழகிய ஒருவரை வீட்டில் தங்க வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளுங்கள். சமீபத்தில் உங்கள் நாய் ஏதாவது விடுதியில் இருந்திருந்தால் அங்கே இன்றே போன் செய்யுங்கள். மற்ற நாய்களின் வீட்டாருக்கு அவர்கள் சொல்ல வேண்டும்.